வெள்ளைப் பாறையில் பதிந்த கால்கள்

காட்டாறு வற்றிய கோடையில் ஒரு யானைக் கூட்டம் அந்தப் பக்கம் வந்தது. முன்னால் வந்த யானை மணலை முகர்ந்து பார்த்தது. காலால் கிளறியது. தும்பிக்கையால் மணலை அள்ளி அள்ளி வெளியே எறிந்தது. ஆழமாகத் தோண்டியதும் அடியில் தண்ணீர் ஊறியது. யானைகள் வயிறு முட்டக் குடித்தன. ஊற்றை அப்படியே விட்டுவிட்டு மலையேறிப் போய்விட்டன.

அந்த ஓர் ஊற்றை நம்பித்தான் ஆற்றங்கரை விலங்குகள் அத்தனையும் அடுத்த மழைவரை உயிர் பிழைக்க வேண்டும். அதைக் காக்கும் பொறுப்பு ஊர் அவையின் கையில் இருந்தது.

ஆண்டுதோறும் மழை ஓய்ந்ததும் அங்கே தேர்தல் நடக்கும். அவைக்கு வர விரும்புகிறவர்கள் மேட்டில் வந்து நிற்க வேண்டும். பிடித்தவருக்குப் பின்னால் மற்றவர்கள் போய் நிற்பார்கள். பின்னால் கூட்டம் அதிகம் சேர்ந்த ஐவருக்கு ஆளுக்கொரு கல் இருக்கை. அந்த ஆண்டு கீரி, முள்ளம்பன்றி, மந்தி, காட்டுப்பன்றி, பெண் கடமான் ஆகிய ஐவருக்கும் கல் கிடைத்தது.

கடமானின் பெயர் தும்பை. அதுதான் அவைத்தலைவி. தும்பைக்கு நிதானம் அதிகம், யாருக்கும் அஞ்சாது, ஆள் பார்த்துப் பேசாது என்று ஊர் சொல்லும். ஊர் சொன்னதைத் தும்பையும் நம்பியிருந்தது.

ஊற்றுக்கு இரண்டே சட்டங்கள். யாரும் ஊற்றுக்குள் கால் வைக்கக் கூடாது. கரையில் மண்டியிட்டுத்தான் குடிக்க வேண்டும். வேறு குழி தோண்டவும் கூடாது. தோண்டினால் மணலுக்கு அடியில் வரும் நீர் பிரிந்து போகும். இது முதல் சட்டம். ஊரார் அனைவரும் குடித்த பிறகே அவையினர் குடிக்க வேண்டும். இது இரண்டாவது.

இரண்டாவது சட்டத்தைக் கொண்டுவந்தது காட்டுப்பன்றி கோரையன். அன்று அது பேசிய பேச்சை ஊர் பல நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. "பரிமாறுகிறவன் முதலில் உட்கார்ந்து சாப்பிட்டால், பந்திக்கு வந்தவன் இலையைத்தான் மெல்ல வேண்டும்!" என்றது கோரையன். முயல்கள்கூடப் பின்னங்கால்களால் தரையைத் தட்டி ஆரவாரம் செய்தன.

சட்டத்தை மீறுகிற உறுப்பினருக்கு மூன்று தண்டனைகள் உண்டு: சொல், மணல், கல். சொல் என்றால், அவையினர் ஐவரும் முள் அடர்ந்த உன்னிச் செடிப் புதருக்குள் கூடித் தவறு செய்தவரைக் கண்டித்து அனுப்புவார்கள். வெளியில் யாருக்கும் தெரியாது. மணல் என்றால், தவறு செய்தவர் ஆற்று மணலில் ஊருக்கு நடுவே நின்று, தாம் செய்ததைத் தம் வாயாலேயே சொல்ல வேண்டும். கல் என்றால், அவருடைய கல் இருக்கையை மற்ற உறுப்பினர்கள் கவிழ்த்துப் போடுவார்கள். அவர் பதவி அத்தோடு போயிற்று.

மணலுக்கும் கல்லுக்கும் மட்டும் ஒரு முறை இருந்தது. தீர்ப்பு சொல்ல வருகிற ஒவ்வொருவரும் முதலில் வெள்ளைப் பாறையைக் கடந்து வர வேண்டும். அந்த ஆற்று மணலுக்கு அடியில் கருங்களிமண் இருந்தது. ஊற்றிலோ குழியிலோ இறங்கியவர் குளம்பிலும் நகத்திலும் அது ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. மழை வந்து கழுவினால்தான் போகும். மர நிழலில் கிடந்த பாறை எப்போதும் சற்றே ஈரமாக இருக்கும். கறைபட்ட கால் அதன்மேல் பட்டால் சுவடு பதிந்துவிடும். சுவடு பதிந்தவருக்குத் தீர்ப்பு சொல்லும் உரிமை இல்லை.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தத் தலைமுறையில் யாரும் பாறையைக் கடக்க வேண்டிய தேவையே வந்ததில்லை.

கோடை முற்றியது. ஒரு நாள் ஆவாரை என்ற புள்ளிமான் தும்பையிடம் வந்தது. ஆவாரைக்கு இரட்டைக் குட்டிகள். தேர்தல் நாளில் யோசிக்காமல் தும்பைக்குப் பின்னால் வந்து நின்ற முதல் ஆள் அதுதான். வழக்கமாக நடுப்பகலில் தன் முறை வரும்போது ஊற்றில் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கும், இப்போது ஈர மணலைத்தான் நக்க வேண்டியிருக்கிறது என்று அது குறைபட்டுக்கொண்டது. பார்க்கிறேன் என்று தும்பை வாக்குக் கொடுத்தது.

பார்க்கத்தான் செய்தது. ஊற்றின் அருகே நெடுநேரம் நின்றது. எப்போதும் ஊற்றின் ஈரக்கரையில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். அன்று ஒன்றிரண்டுதான் இருந்தன. அவையும் எழுந்து, ஆற்றின் மேற்பக்கத் திருப்பத்தை நோக்கிப் பறந்தன.

அந்தத் திருப்பத்துக்கு யாரும் போவதில்லை. அங்கே செந்நாய் வாடை அடிக்கிறது, குட்டிகளோடு யாரும் போக வேண்டாம் என்று கோரையன் அவையிலேயே எச்சரித்திருந்தது. தும்பை காற்றை முகர்ந்தது. செந்நாய் வாடை துளியும் இல்லை. ஈர மண்ணின் வாசம்தான் வந்தது. அது பூச்சிகளின் பின்னால் நடந்தது. அதன் கன்று மொக்குவும் தாயை ஒட்டியபடி வந்தது.

திருப்பத்தில் முள் இலந்தைக் கிளைகளை யாரோ இழுத்துப் போட்டு மறைத்திருந்தார்கள். கிளைகளுக்குப் பின்னால் ஒரு குழி. குழியில் தெளிந்த தண்ணீர். கரையில் கோரையனின் குட்டிகள் குடித்துவிட்டு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தன. குழிக்குள் கோரையன் நின்றது.

"அண்ணே" என்றது தும்பை.

கோரையன் திடுக்கிட்டு நிமிர்ந்தது. மூக்கில் களிமண் அப்பியிருந்தது. "வா தங்கச்சி" என்றது.

"செந்நாய் வாடை அடிக்கிறது என்றீர்களே?"

"அன்றைக்கு அடித்தது" என்றது கோரையன். தன் பேச்சு தனக்கே கேவலமாகத் தோன்றியதோ என்னவோ, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. பிறகு மெல்லச் சொன்னது: "அந்தச் சட்டத்தைப் போட்டபோது எனக்குக் குட்டிகள் இல்லை, தங்கச்சி."

தும்பைக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. இதனால்தான் ஊற்று வற்றுகிறது. இதனால்தான் ஆவாரையின் குட்டிகள் மணலை நக்குகின்றன. அதைச் சொல்ல வாயெடுத்தபோது, மொக்கு தாயின் விலாவில் முட்டியது. கன்றின் மூக்கு வறண்டு வெடித்திருந்தது. தாய் அவைத்தலைவி என்பதால் மொக்குவும் கடைசியில்தான் குடிக்கும். கடைசியில் குடிக்க இப்போதெல்லாம் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

கோரையன் அதைப் பார்த்தது. மொக்கு பிறந்த அன்று செந்நாய்கள் சூழ்ந்தபோது, ஒற்றை ஆளாக எதிர்த்து நின்று கன்றைக் காப்பாற்றியது இதே கோரையன்தான். அந்த நாளில் பட்ட தழும்பு அதன் தோளில் இன்னும் இருந்தது.

"முதலில் பிள்ளை குடிக்கட்டும். அப்புறம் என்னைக் கேள்வி கேள்" என்றது கோரையன்.

குழி செங்குத்தாக இருந்தது. கன்றுக்குத் தண்ணீர் எட்டவில்லை. தும்பை ஒரு கணம் நின்றது. பிறகு முன்னங்கால்களைக் குழிக்குள் இறக்கி, கன்றைத் தன்மேல் சாய்த்துக் குடிக்க வைத்தது. மொக்கு குடித்த ஒவ்வொரு மடக்கும் தன் தொண்டையில் இறங்குவதுபோல் அதற்கு இருந்தது.

கன்று குடித்து முடித்தது. கேள்விகள் அப்படியே இருந்தன. கேட்கத்தான் தும்பையால் முடியவில்லை.

திரும்பும் வழியில் அது கால்களைக் காய்ந்த மணலில் தேய்த்தது. கரடுமுரடான கல்லில் உரசியது. புல்லில் அழுத்திப் பார்த்தது. கருங்களிமண் அசையவில்லை.

மறுநாள் காலை அவை உன்னிப் புதருக்குள் கூடியது. கோரையன் தானாகவே நடந்ததைச் சொல்லிவிட்டது. தும்பையின் கன்று குடித்ததை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விட்டதற்காகத் தும்பை அதற்கு மனதுக்குள் நன்றி பாராட்டியது. நன்றி பாராட்டியதற்காகத் தன்மேல் வெட்கமும் பட்டது.

கீரிக்குக் கோபம். "இதில் பேச என்ன இருக்கிறது? வெள்ளைப் பாறைக்குப் போவோம். குறைந்தது மணல்!" என்றது.

முள்ளம்பன்றி ஒத்துக்கொள்ளவில்லை. கோரையன் ஊருக்குச் செய்ததை மறக்கலாமா என்று கேட்டது. மந்தி வேறு மாதிரி யோசித்தது. ஓர் உறுப்பினரை மணலில் நிறுத்தினால் மற்ற நால்வர்மேலும் ஊருக்குச் சந்தேகம் வரும், அவையின் மானம் போகும் என்றது. வீட்டுச் சண்டையை வீதிக்குக் கொண்டுபோகலாமா என்று நியாயம் பேசியது.

எல்லோரும் தும்பையைப் பார்த்தார்கள்.

தும்பை முன்னங்கால்களை மார்புக்கு அடியில் மடித்து உட்கார்ந்திருந்தது. மணல் என்று சொன்னால் அது எழுந்து பாறையைக் கடக்க வேண்டும். முதலில் கடக்க வேண்டியது தலைவிதான்.

"சொல் போதும்" என்றது தும்பை. "அண்ணன் நல்லவர். ஒரு தடவை தவறிவிட்டார். குழியை மூடிவிடுவார். ஊரை எதற்குக் கலக்க வேண்டும்?"

சொல்லும்போதே அதன் குரலில் இரக்கம் வந்து சேர்ந்துகொண்டது. கேட்டவர்கள் இரக்கம் என்றே நம்பினார்கள். சற்று நேரத்தில் தும்பையும் நம்பிவிட்டது.

கோரையன் அழுதது. மனம் நொந்துதான் அழுதது. அன்றே போய்க் குழியை மூடியது. மூடியதை யாரும் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் ஊருக்குத் தெரிந்துவிடுமே! சில நாள் கழித்துக் குட்டிகள் தாகத்தில் முனகின. மனைவி திருப்பத்தின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. கோரையன் யோசித்தது. மீறினால் என்ன ஆகும்? புதருக்குள் நாலு வார்த்தை. நாலு வார்த்தை கேட்டால் தாகம் தீரும் என்றால், எந்தத் தகப்பன் கேட்க மாட்டான்? குழி மறுபடி திறந்தது.

இந்தக் கணக்கு கோரையனுக்கு மட்டுமா தெரியும்? திருப்பத்தில் தண்ணீர் கிடைக்கும் என்பது இப்போது அவை முழுக்கத் தெரியும். பிடிபட்டால் என்ன கிடைக்கும் என்பதும் தெரியும். முள்ளம்பன்றி ஒரு குழி தோண்டியது. மந்தி கையாலேயே ஒன்று பறித்தது. மணல் வேண்டும் என்று குதித்த கீரி ரொம்ப நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது. மற்ற மூவரும் பளபளவென்று இருப்பதைப் பார்த்தது. கடைசியில் அதுவும் போயிற்று. "சின்னக் கால், சின்னக் குழி. இதனால் என்ன குறைந்துவிடும்?" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது.

தும்பைக்கு இது தெரியாதா? மஞ்சள் பூச்சிகள் ஒன்றுகூட ஊற்றுக்கு வராதபோதே தெரிந்துவிட்டது. ஆனால் திருப்பத்துக்குப் போய்ப் பார்த்தால் ஏதாவது செய்தாக வேண்டும். அதனால் அது போய்ப் பார்க்கவில்லை.

ஊற்றில் தண்ணீர் ஓர் உள்ளங்கை அளவுக்குக் குறைந்தது. பிறகு ஈரம் மட்டும் இருந்தது. ஊர் முணுமுணுத்தது. கொடுமையான கோடை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவையினர் நாலா பக்கமும் போய்ச் சொன்னார்கள். சொல்லும்போது நெற்றியைச் சுருக்கி வானத்தைப் பார்த்தார்கள்.

ஒரு நாள் ஆவாரை மறுபடி வந்தது. இரண்டு குட்டிகளும் கூட வந்தன. துள்ளாமல் நடந்து வந்தன. அதுவே தும்பைக்கு என்னவோ செய்தது.

புள்ளிமான் கூட்டம் மலைக்கு அப்பால் இருக்கும் ஏரிக்குப் போக நினைக்கிறது என்று ஆவாரை சொன்னது. அந்த மலை செந்நாய்களின் மலை என்று எல்லோருக்கும் தெரியும்.

"அக்கா, ஒன்று மட்டும் கேட்க வந்தேன்" என்றது ஆவாரை. "ஊற்று வற்றியது வெயிலால்தானா? வெயில் என்றால் நாங்கள் போக வேண்டியதுதான், வேறு வழியில்லை. வேறு ஏதாவது காரணம் என்றால் சொல்லுங்கள். சரிசெய்யும்வரை எப்படியாவது தாங்குகிறேன். இந்தக் குட்டிகளோடு அந்த மலையைத் தாண்ட எனக்குப் பயமாக இருக்கிறது."

தும்பைக்கு வாய்வரை வந்துவிட்டது. ஒரு சொல் போதும். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் வெள்ளைப் பாறை இருந்தது. பாறையில் பதியப்போகும் தன் கால் இருந்தது. ஊர் இத்தனை நாள் சொன்ன அத்தனை நல்ல வார்த்தைகளும் அந்தச் சுவட்டில் போய்விடும்.

"வெயில்தான் ஆவாரை" என்றது தும்பை.

ஆவாரை தலையை அசைத்தது. "நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்றது. குட்டிகளை அழைத்துக்கொண்டு மலைப்பாதையில் ஏறியது. பெரிய குட்டி ஒருமுறை நின்று, கீழே மொக்குவைப் பார்த்துக் காதை ஆட்டிவிட்டுப் போனது.

மலையில் செந்நாய்கள் காத்திருந்தன. அதை விரித்துச் சொல்ல வேண்டாம். கூட்டம் சிதறியது. ஆவாரை ஏரியைப் பார்க்கவே இல்லை. அது ஒற்றைக் குட்டியோடு வேறொரு சரிவில் இறங்கி, வறண்ட ஆற்றுக்குள் ஒளிந்து ஒளிந்து கீழே வந்தது. அப்படி வரும் வழியில் திருப்பம் இருந்தது. திருப்பத்தில் குழிகள் இருந்தன. நான்கு குழிகள், நான்கிலும் தண்ணீர்.

ஆவாரை குட்டியைக் குடிக்க விட்டது. தான் குடிக்கவில்லை. நேராக மேட்டுக்கு வந்து குரல் கொடுத்தது. ஊர் கூடியது. குழிகளைப் பற்றி அது சொன்னபோது முதலில் யாரும் நம்பவில்லை. முயல்கள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தன. வந்தவற்றின் வாயில் ஒட்டியிருந்த ஈரத்தைப் பார்த்து எல்லோரும் நம்பினார்கள்.

"கோரையனை மணலில் நிறுத்துங்கள். அவன் கல்லைக் கவிழ்த்துப் போடுங்கள்" என்று ஊர் கேட்டது. செந்நாய் வாடை என்று சொன்னது கோரையன் என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது. மற்ற குழிகள் யாருடையவை என்று அவர்களுக்குத் தெரியாது.

கோரையன் தானாக நடந்து வந்து மணலின் நடுவே நின்றது. இனி அவையினர் பாறையைக் கடந்து வந்து தீர்ப்பு சொல்ல வேண்டும்.

முதலில் கடக்க வேண்டிய தும்பை பின்தங்கி நின்றது. முள்ளம்பன்றி முன்னால் கடந்தது. பாறையில் கருஞ்சுவடு விழுந்தது. ஊர் மூச்சை இழுத்தது. மந்தி கடக்கத் தயங்கியதும், பின்னால் இருந்த முயல் ஒன்று, "மரத்திலேயே வாழ்கிறவருக்குக் காலில் என்ன ஒட்டியிருக்கப் போகிறது, தாண்டுங்கள் ஐயா!" என்றது. மந்தி தாண்டியது. கையும் காலும் பதிந்தன. கீரி தலையைக் குனிந்தபடி வந்தது. சின்னக் கால்தான். சின்னச் சுவடுதான். கறுப்பு மட்டும் மற்றவர்களுடையதைப் போலவே இருந்தது.

ஆவாரையின் கண்கள் தும்பையைத் தேடின. அந்தக் கண்களில் இன்னும் நம்பிக்கை இருந்தது. ஒருவராவது மிச்சம் இருப்பார், அது தும்பையாக இருக்கும் என்ற நம்பிக்கை. தும்பையால் தாங்க முடியாமல் போனது அந்தப் பார்வையைத்தான்.

அது பாறைமேல் கால் வைத்தது. நடந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. என்ன பதிந்திருக்கும் என்று அதற்குத் தெரியும்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தும்பை பிற்பாடு பலமுறை நினைத்தது. கோரையனின் கல்லைக் கவிழ்க்க உரிமை உள்ளவர் ஒருவரும் இல்லாமல் அவை முழுவதும் வெறுமனே நின்றது.

மணலில் நின்ற கோரையன்தான் முதலில் பேசியது. "தங்கச்சி, நீயும் அன்றைக்குக் குழியில் கால் வைத்தாய் என்பதை நான் மறந்தே போனேன்" என்றது. "என்மேல் இரக்கப்பட்டுத்தான் புதரோடு விட்டாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அன்றைக்கே இந்த மணலில் என்னை நிறுத்தியிருந்தால் நான் வெட்கத்தில் செத்திருப்பேன்; சாயங்காலத்துக்குள் குழியைத் தூர்த்திருப்பேன். இவர்கள் மூவருக்கும் தோண்டத் துணிவு வந்திருக்காது. ஒரு கோடை முழுக்க ஊர் என்னைத் திட்டியிருக்கும். திட்டியிருக்கட்டுமே! அந்தக் குட்டி இருந்திருக்கும்."

தும்பை மணலுக்கு இறங்கி வந்தது. கோரையனுக்குப் பக்கத்தில் நின்றது. அதை யாரும் நிறுத்தவில்லை, தானாகவே நின்றது. நடந்ததை முதலிலிருந்து சொன்னது. வண்ணத்துப்பூச்சிகளைச் சொன்னது. மொக்கு குடித்ததைச் சொன்னது. சொல் போதும் என்று சொன்னதையும், எதற்காகச் சொன்னது என்பதையும் மறைக்காமல் சொன்னது. ஆவாரை கேட்டதையும் தான் சொன்ன பதிலையும் சொன்னது.

ஆவாரை அருகில் வந்தது. "உங்கள் பிள்ளை குடித்ததில் எனக்குக் கோபம் இல்லை, அக்கா" என்றது. "தாகத்தில் நிற்கும் பிள்ளைக்கு எந்தத் தாயும் கொடுப்பாள். நானும் இன்று கொடுத்தேன். நான் கேட்டபோது ஏன் வெயில் என்றீர்கள்? அது மட்டும் எனக்குப் புரியவில்லை."

ஆவாரை பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மிச்சம் இருந்த குட்டியை நிழலுக்கு அழைத்துப் போனது.

அன்று மாலை ஊரே போய்க் குழிகளை மூடியது. கோரையன் தன் குழியைத் தன் மூக்காலேயே தள்ளித் தூர்த்தது. பிறகு குடும்பத்தை அழைத்துக்கொண்டு ஆற்றங்கரையை விட்டே போய்விட்டது. சில நாளில் பழைய ஊற்றில் தண்ணீர் மெல்ல ஏறியது. மஞ்சள் பூச்சிகள் திரும்பி வந்தன. எல்லோருக்கும் ஒரு வாய் கிடைத்தது. புள்ளிமான்களின் வரிசையில் மட்டும் இடைவெளிகள் இருந்தன.

பிறகு மழை வந்தது. ஆறு பெருகி ஓடியது. தும்பையின் குளம்பிலிருந்த களிமண் ஒரே நாளில் கரைந்து போனது. பாறைமேல் விழுந்த சுவடுகளும் கழுவப்பட்டன. பாறை பழையபடி வெள்ளையாக இருந்தது. தும்பை மட்டும் அதைக் கடக்கும்போதெல்லாம் நின்று, காலைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போனது.

மழை ஓய்ந்ததும் தேர்தல் நடந்தது. பழைய அவையிலிருந்து யாரும் மேட்டில் ஏறவில்லை. ஆவாரை ஏறியது. அவைக்கு வந்தால் உன்னிப் புதரை வெட்டி எறியப் போவதாகவும், இனிமேல் சொல்கூட வெள்ளைப் பாறைமேல்தான் நடக்கும் என்றும் சொன்னது. வேறு பேச்சு எதுவும் பேசவில்லை. அதன் பின்னால் முயல்கள் வந்து நின்றன. புள்ளிமான்கள் நின்றன. வரிசை நீண்டது.

எல்லோரும் நின்ற பிறகு தும்பை மொக்குவை அழைத்துக்கொண்டு வந்து, வரிசையின் கடைசியில் நின்றது. ஆவாரை திரும்பிப் பார்க்கவில்லை.

தவறு செய்த தலைவரை ஊர் அறியக் கண்டிக்காமல் மறைத்துவிடுவது இரக்கம் ஆகாது. அவர் பட வேண்டிய தண்டனையை ஒன்றும் அறியாதவர்கள் பட நேரும்.